சூரியன் வரும்வரை நோயாளி

ஒட்வாரின் ஜன்னல் விளக்கில் இருந்த ஏழு பல்புகளில் ஒன்று சனிக்கிழமை சாயங்காலம் உயிரை விட்டது. அந்த வகை விளக்கில் ஒன்று போனால் மற்ற ஆறும் எரியாது. தொழிற்சங்கம் மாதிரி, ஒருவருக்குக் குறை என்றால் எல்லோரும் வேலைநிறுத்தம். அதற்குள் கடையை மூடிவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு, கடையே கிடையாது. ஆகவே கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நாள்களில், ஸ்கார்விக் ஊரின் அத்தனை ஜன்னல்களும் மின்ன, ஒட்வார் வீட்டு ஜன்னல் மட்டும் கறுப்பாக நின்றது.

வேறு ஊரில் இதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஸ்கார்விக் நார்வேயின் வடகோடியில் இருக்கிறது. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் ஜனவரி பாதி கழிந்த பிறகுதான் திரும்பி எட்டிப்பார்க்கும். அந்த இருட்டுக் காலத்தில் ஜன்னலில் விளக்கு இல்லை என்றால், உள்ளே இருக்கிறவரின் மனதிலும் விளக்கு இல்லை என்று பொருள். அதற்காக யாரும் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டுவிடமாட்டார்கள். அது நாகரிகமில்லை. கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்து, மருந்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார்கள். அதுதான் நாகரிகம்.

ஒட்வாருக்கு ஒரு நோயும் இல்லை என்பது ஆண்டவருக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவர் அவர். கல்யாணம் ஆகாதவர். காலை வேலையை முடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்ததும், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு கோப்பைக் காபியோடு சமையலறை ஜன்னலோரம் உட்காருவார். அந்த நேரத்தில் கடல்மேல் ஒரு நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அவருக்கு இருட்டுக் காலம் பிடிக்கும். வெளிச்சம் நல்லது என்று ஆண்டவர் கண்டார் என்றுதான் வேதத்தில் எழுதியிருக்கிறது; இருட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை ஒட்வார் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இருந்த ஒரே கர்வம் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த கெட்டில். கரி பிடித்துக் கறுத்த பெரிய கெட்டில். சூரியன் திரும்பும் நாளில் ஊரே மலையேறும். அங்கே விறகு மூட்டி, அந்தக் கெட்டிலில் ஊர் மொத்தத்துக்கும் காபி போடுவது ஒட்வார்தான். பல வருடமாக அதுதான் வழக்கம். மற்ற நாள்களில் அவரைப் பார்த்துத் தலையாட்டக்கூட மறக்கிறவர்கள், அன்று கோப்பையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

திங்கட்கிழமை காலை வண்டியோட்டிக்கொண்டு போனபோது ஒட்வார் ஒரு விஷயத்தைக் கவனித்தார். எதிர்வீட்டு ஹால்டிஸின் வாசல் பாதையில் காலடித்தடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு கணவரை இழந்தவர் அந்த அம்மாள். பள்ளிக்கூடச் சமையலறையை ஒரு படைத்தளபதி மாதிரி நடத்தியவர், போன குளிர்காலம் முழுக்க வெளியிலேயே வரவில்லை. யாருக்கும் கதவு திறக்கவில்லை. வாசலில் வைத்த ரொட்டியை, வைத்தவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எடுப்பார். அப்போதும் ஒட்வார் தினமும் தன் வண்டியை ஒடித்துத் திருப்பி அவர் வாசல் பாதையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போனார். ஒரு தடமும் விழாத பாதையை எதற்காகத் தள்ளுகிறோம் என்று அவரே யோசித்ததில்லை. இன்றைக்குத் தடம் இருக்கிறதே, ஊர் நர்ஸ் வந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் இங்வாரின் கடைக்குப் போய் பல்பு கேட்டார்.

"அந்தப் பல்பா? தீர்ந்துபோச்சுய்யா," என்றார் இங்வார். "காலையில கடை திறந்ததும் போயிடுச்சு."

"ஒரு பெட்டி நிறைய இருந்துச்சே. போன வாரம்கூடப் பார்த்தேனே."

"இருந்துச்சு." இங்வார் கூரையைப் பார்த்தார். "இப்ப இல்ல."

புதுச் சரக்கு கப்பலில் வரவேண்டும். கப்பல் புயலில் மாட்டிக்கொண்டிருந்தது. வேறு மாதிரி விளக்கு ஒன்றை வாங்கிக்கொள் என்று இங்வார் சொல்லிப்பார்த்தார். ஒரு பல்புக்காக விளக்கையே மாற்றுகிற ஊதாரி இல்லை தான் என்று ஒட்வார் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்தச் சிக்கனத்தைப் பிறகு பலமுறை நொந்துகொண்டார்.

வீட்டு வாசலில் இரண்டு பாட்டில் மீன் எண்ணெயும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் வந்திறங்கியிருந்தன. பக்கத்தில் சூப்புப் பாத்திரத்தோடு ஹால்டிஸ் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆச்சரியத்தில் ஒட்வார் கதவைத் திறந்துவிட்டார். அதோடு அவர் சமையலறை அவர் கையைவிட்டுப் போயிற்று.

"உட்காரு," என்றார் ஹால்டிஸ். "இந்த எண்ணெயை ஒரு கரண்டி குடி. மூக்கைப் பிடிச்சுக்கோ."

"எனக்கு ஒண்ணும் இல்ல ஹால்டிஸ்."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்களைத்தான் பார்த்துக்கணும். போன வருஷம் நானும் அதையேதான் சொன்னேன்."

ஒட்வார் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பிறகு, பல்புதான் போயிற்று, மனசு போகவில்லை, உங்களிடம் அந்த மாதிரி பல்பு ஒன்று இருக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

"பல்பை மாத்திட்டா மனசு மாறிடுமா?" என்று கேட்டுவிட்டு ஹால்டிஸ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலையே ஒட்வார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னலில் வெளிச்சம் இல்லை என்பதுதானே ஊருக்குக் கவலை. பனி வண்டிக்கு வைத்திருந்த உபரி விளக்கு கொட்டகையில் கிடந்தது. அதை எடுத்துவந்து ஜன்னலில் வைத்துச் சுவிட்சைப் போட்டார். தெருவே வெள்ளையாகிவிட்டது. பூனை அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

சற்று நேரத்தில் கதவை யாரோ காலால் உதைத்தார்கள். மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ரூனர், தண்ணீர் புகாத எண்ணெய்த்துணி உடுப்போடு சொட்டச்சொட்ட நின்றார்.

"துறைமுக விளக்குன்னு நினைச்சு நேரா வந்துட்டேன்யா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உன் அடுப்படியிலதான் வலையைப் போட்டிருப்பேன். பாறையில உரசி நிக்குது படகு."

ஒட்வார் மன்னிப்புக் கேட்டு விளக்கை உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். இப்போது அது அவர் முகத்தில் நேராக அடித்தது. தெருவில் போனவர்கள் கண்டது, ஒரு மனிதர் தன்னந்தனியே பெரிய விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை. மனச்சோர்வுக்கு வெளிச்ச வைத்தியம் நல்லது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாவம், ரொம்ப முற்றிவிட்டது போலிருக்கிறது, தானே செய்துகொள்கிறார் என்று மறுநாள் ஊர் முழுக்கப் பேச்சு. ஹால்டிஸுக்கு மட்டும் அதில் ஏக திருப்தி. தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் அவரை அதன் முன்னால் உட்காரவைத்து, கண் மூடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்.

அடுத்ததாக ஒட்வார் சிரித்துப் பார்த்தார். மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று காட்டிவிட்டால் போயிற்று என்று எண்ணி, கடைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை எல்லோரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். ஸ்கார்விக்கில் டிசம்பர் மாதத்தில், குடிக்காமல், காரணமில்லாமல் சிரிக்கிறவர் யாரும் கிடையாது. ரொட்டி அலமாரிப் பக்கம் நின்றிருந்த இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அன்று வாசலில் மீன் எண்ணெய்ப் பாட்டில் ஐந்தாகிவிட்டது. கூடவே யாரோ ஒரு ஜாடியில் பாறையிடுக்கில் முளைக்கும் ஏதோ ஒரு வேரைப் போட்டு வைத்திருந்தார்கள். கொதிக்கவைத்துக் குடித்தால் பழைய மாலுமிகளுக்கு உற்சாகம் வருமாம். ஹால்டிஸ் அதைக் கொதிக்கவைத்தார். உற்சாகம் வந்ததோ இல்லையோ, வீடு முழுக்க ஈர மண்ணும் ரோஜாவும் கலந்த ஒரு வாசனை வந்தது. ஜனவரி வரை போகவில்லை. எண்ணெயை ஒட்வார் திருட்டுத்தனமாகப் பூனைக்கு ஊற்றினார். அந்த வருடம் ஊரிலேயே மினுமினுப்பான ஜீவன் அதுதான்.

கடல் முழுக்கு கடைசி முயற்சி. ஊரில் ஒரு கூட்டம், சூடான சானா என்னும் நீராவி அறையில் வெந்து, அப்படியே ஓடிப்போய்ப் பனிக்கடலில் குதித்து, மேலே வந்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும். உடம்புக்கும் மனசுக்கும் அதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது அவர்கள் கட்சி. குதித்துக் காட்டிவிட்டால் தன்னை ஆரோக்கியமானவன் என்று ஒப்புக்கொள்வார்கள் என்று ஒட்வார் கணக்குப்போட்டார். குதித்தார். மேலே வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. ஒரு வாரத்துக்குப் பேச்சே வரவில்லை. ஒட்வார் பேசுவதையும் நிறுத்திவிட்டார் என்று செய்தி போதகர் ஆஸ்தா வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் மதிய நேரமும் பறிபோயிருந்தது. நீல வெளிச்ச வேளையில் வெளியே நடந்தால் மனம் இளகும் என்று ஹால்டிஸ் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருந்தார். இருட்டில் வண்டி மோதிவிடக்கூடாதென்று ஒட்வாருக்குக் கை, கால், முதுகு, தொப்பி எங்கும் மின்னும் பட்டிகளைக் கட்டிவிட்டு, கடலோரமாக நடத்திக்கொண்டு போவார். போகும்போது அன்றைக்கு ஆண்டவர் கொடுத்த நல்லவை என்னென்ன என்று சொல்லவேண்டும். தொண்டை கட்டிய வாரத்தில் விரலால் சுட்டிக்காட்டினால் போதும் என்று சலுகை கிடைத்தது. ஒட்வார் ஒருமுறை கடலைக் காட்டினார். ஒருமுறை தன் வீட்டு ஜன்னலை ஏக்கத்தோடு காட்டினார்.

ஜன்னலோரம் இல்லை, காபி இல்லை, சும்மா இருப்பது இல்லை. வைத்தியம் ஆரம்பித்த பிறகுதான் ஒட்வாருக்கு நோய் வந்தது என்று சொல்லவேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. பனி வண்டியில் தனியாக இருக்கும்போது பெருமூச்சு விட்டார். இடையில் ஒருமுறை கப்பல் வந்தது. கடைக்கு ஓடினார்.

"வந்துச்சு," என்றார் இங்வார். "போயிடுச்சு."

"யாருய்யா இந்த ஊர்ல பல்பைத் திங்கிறது?"

இங்வார் மறுபடியும் கூரையைப் பார்த்தார். அங்கே அப்படி என்னதான் இருக்கிறதென்று ஒட்வாரும் பார்த்தார். ஒன்றுமில்லை.

ஜனவரியில் போதகர் ஆஸ்தா வீட்டுக்கு வந்தார். இளவயதுப் பெண். யாருடைய மனமும் நோகக்கூடாது என்று மிகவும் பாடுபடுகிறவர். அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்துதான் மனம் நோகும் செய்தி வரும். வானிலை, பூனையின் மினுமினுப்பு, திருச்சபைக் கூரை ஒழுகல் எல்லாம் பேசி முடித்துவிட்டுச் சுவரில் இருந்த கெட்டிலைப் பார்த்தார்.

"இந்த வருஷம் நீங்க ஓய்வா இருங்களேன், ஒட்வார். அவ்வளவு பேருக்குக் காபி போடறது உங்களுக்கு இப்ப பாரம். ரூனர் செஞ்சுக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"ரூனரா? அவனுக்கு நெருப்பு மூட்டத் தெரியாதே."

"மெஷின்ல போட்டு பிளாஸ்க்ல கொண்டுவந்துடுவாராம்."

சூரியனுக்கு பிளாஸ்க் காபி. ஒட்வாருக்கு அன்று நிஜமாகவே கண் இருட்டியது. தான் நல்லாத்தான் இருப்பதாக அவர் அடித்துச் சொல்ல, போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஈரக் கண்ணோடு தலையாட்டினார். ஹால்டிஸ் பார்த்துவிட்டு இவர் தேறிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே கெட்டில் உங்களுக்குத்தான் என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஒட்வார் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். மனதுக்குள் வசனம் தயாராக இருந்தது. உங்கள் அன்புக்கு நன்றி, எனக்கு எந்த நோயும் இல்லை, நாளையிலிருந்து வரவேண்டாம், போதகரிடம் சொல்லிவிடுங்கள். நான்கே வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் கெட்டிலும் ஜன்னலும் ஒரே நாளில் திரும்பிவிடும்.

ஹால்டிஸின் வாசல் பாதையில் கால் வைத்தபோதுதான் பார்த்தார். அங்கே தள்ளுவதற்குப் பனியே இல்லை. அவர் வீட்டுக் கதவிலிருந்து இவர் வீட்டுக் கதவு வரை நடந்து நடந்து, பனி கல்லாக இறுகி ஒரு தனிப் பாதை விழுந்திருந்தது. கொஞ்ச நாளாக வண்டியைத் திருப்பாமலே போய்க்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. ஹால்டிஸ் இடுப்பில் சமையல் துணி கட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மேஜையில் பாதி பின்னிய கம்பளித் தொப்பி ஒன்று, இவர் தலையைவிடப் பெரிதாகக் கிடந்தது. அவர் பாடிக்கொண்டிருந்தார். திருச்சபையில் ஒரு காலத்தில் பாடின அதே குரல், சுருதி சேராமல், சத்தமாக.

ஒட்வார் கதவைத் தட்ட எடுத்த கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தார்.

மறுநாள் ஹால்டிஸ் முன்னிலையில் போதகர் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது ஒட்வார் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். இத்தனை நாள் பழக்கத்தில் அது நன்றாகவே வந்தது.

"எனக்கு முடியல போதகரே. ஆனா பிளாஸ்க் காபி வேண்டாம். என் கெட்டிலை ஹால்டிஸ்கிட்டக் கொடுத்துடுங்க. அவங்க போடட்டும்."

ஹால்டிஸ் எழுந்துபோய்க் கெட்டிலை ஆணியிலிருந்து எடுத்து, துணியால் துடைத்தார். எவ்வளவு துடைத்தும் கரி போகவில்லை. போகாது. ஒட்வாருக்கு அது தெரியும். சொல்லவில்லை.

சூரிய நாளன்று ஊர் மொத்தமும் மலையேறியது. மான்தோல் ஒன்றை விரித்து, ஒட்வாரை அதில் உட்காரவைத்து, போர்வையால் சுற்றி, புதுத் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் ஜாமும் மேலே சர்க்கரையும் வைத்த பன்னை யாரோ அவர் கையில் திணித்தார்கள். எதிரே நெருப்புக்குப் பக்கத்தில் ஹால்டிஸ், முகமெல்லாம் கரியோடு, ரூனரை விறகு பொறுக்கிவர விரட்டிக்கொண்டிருந்தார். காபி தெளியவேண்டும் என்று அந்தக் காலத்துப் பக்குவப்படி கெட்டிலுக்குள் உலர்ந்த மீன்தோலைப் போட்டிருந்தார், கொஞ்சம் தாராளமாகவே. காபி மீன் சூப்புக்குத் தூரத்து உறவாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பலர் இரண்டாவது கோப்பை கேட்டார்கள். ஆண்டவர் இப்படிப்பட்ட பொய்களை மன்னித்துவிடுவார் என்றுதான் தோன்றுகிறது.

கடலுக்கு அப்பால் மலை விளிம்பில் முதலில் ஒரு செம்பொட்டு தெரிந்தது. பிறகு அது ஒரு துண்டாகி, எல்லோர் முகத்திலும் மஞ்சளைப் பூசியது. ஊர் சத்தம் போட்டது. ஹால்டிஸ் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சூரியனைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தும் சிரித்தார்.

ஒட்வாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வேதம் சொல்கிறபடி, ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்து முடித்திருக்கிறோம். கெட்டிலைக் கொடுத்து ஒரு மனுஷியை எழுப்பி நிறுத்தியிருக்கிறோம். அவளுக்கே தெரியாமல். கொஞ்சம் கர்வம்தான், ஆனால் போர்வைக்குள்ளே இருந்ததால் வெளியில் தெரியவில்லை.

அப்போது இங்வார் வந்து மான்தோலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மீன் காபியை ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடித் திறந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்து ஒட்வார் மடியில் வைத்தார். பெட்டி நிறைய ஜன்னல் விளக்கு பல்புகள்.

"சூரியன் வந்ததும் உன்கிட்டக் கொடுத்துடச் சொல்லியிருந்தாங்க."

"யாரு?"

இங்வார் இந்த முறை கூரையைப் பார்க்க வழியில்லாமல், நெருப்புப் பக்கம் பார்த்தார்.

"வந்ததையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனது ஹால்டிஸ்தான்யா. தினமும் யாரையாவது கவனிச்சுப் பார்த்துக்கிட்டா அவங்க மனசு தேறும்னு நர்ஸ் அவங்ககிட்டச் சொன்னாங்களாம். நிஜ நோயாளின்னா தன்னால தாங்க முடியாதுன்னு, ஊர்லயே ரொம்ப சந்தோஷமா இருக்கிற ஆளாப் பார்த்து எடுத்துக்கிட்டாங்களாம்."